தரவு பைப்லைனின் கடவுச்சொல் எங்கே இருக்க வேண்டும்? அஸூர் டேட்டா ஃபேக்டரியில் நான்கு வழிகளின் ஒப்பீடு

மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஸூரில், தரவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும் சேவையான டேட்டா ஃபேக்டரியில் பைப்லைன் (தரவை நகர்த்தும் படிகளின் தொடர்) கட்டத் தொடங்குபவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு திரையின் முன் தயங்கி நிற்கிறார்கள். எஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கோ, ஸ்னோஃப்ளேக் என்ற கிளவுட் தரவுக் கிடங்குக்கோ, எங்கோ இருக்கும் ஓர் எஸ்எஃப்டிபி (கோப்புப் பரிமாற்ற) சர்வருக்கோ இணைப்பு ஏற்படுத்தும் 'லிங்க்டு சர்வீஸ்' திரை அது. கடவுச்சொல்லை இங்கேயே தருகிறீர்களா, கீ வால்ட் என்ற அஸூரின் ரகசியப் பெட்டகத்திலிருந்து எடுத்துக்கொள்ளவா, சர்வீஸ் பிரின்சிபலா (செயலிக்கென்று பதிவு செய்த அடையாளம்), மேனேஜ்டு ஐடென்டிட்டியா (அஸூரே பராமரிக்கும் அடையாளம்) என்று அது கேட்கிறது. அவசரத்தில் இருப்பவர் முதலாவதைத் தேர்ந்தெடுக்கிறார். எச்சரிக்கை உள்ளவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பாதுகாப்பு வேலை முடிந்தது என்று நிம்மதி அடைகிறார். எது சரி என்று இருவருமே பிறகு கேட்கிறார்கள்.

ஃபேக்டரி முழுமைக்கும் சேர்த்து ஒரே விடையைத் தேடுவதால்தான் இந்தக் குழப்பம் தீராமல் இருக்கிறது என்பது என் கருத்து. ஒவ்வோர் இணைப்பையும் தனியாக எடுத்துக்கொண்டு, மறுமுனையில் இருக்கும் அமைப்பு கடவுச்சொல் இல்லாமலேயே நம்மை அடையாளம் கண்டுகொள்ளுமா என்று முதலில் கேட்க வேண்டும். ஆம் என்றால் ஒளித்துவைக்க எதுவும் இல்லை. இல்லை என்றால் மட்டுமே, அதை எங்கே வைப்பது என்ற அடுத்த கேள்வி எழுகிறது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், ரகசியம் (கடவுச்சொல், சாவி போன்றவை) எங்கெல்லாம் தங்குகிறது என்பது. ஒரு கடவுச்சொல் லிங்க்டு சர்வீஸில் மட்டும் இருப்பதில்லை. அதை உருவாக்கியவரின் மின்னஞ்சலில், மாற்றங்களை உற்பத்திக்குக் கொண்டுசெல்லும் வெளியீட்டுக் கருவியின் மாறிகளில், யாரோ சோதனைக்காக எழுதிய நோட்புக்கில் என்று பிரதிகள் பெருகுகின்றன.

இரண்டாவது, கசிந்துவிட்டால் அது எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பது. 2024-இல் ஸ்னோஃப்ளேக் வாடிக்கையாளர்களின் கணக்குகள் தாக்கப்பட்டபோது, பாதிப்புக்கு உள்ளாகியிருக்கக்கூடிய சுமார் 165 நிறுவனங்களுக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டது. விசாரித்த மாண்டியன்ட் நிறுவனம் சொன்னது இதுதான்: தாக்கியவர்கள் ஸ்னோஃப்ளேக்கின் அமைப்பை உடைக்கவில்லை, தகவல் திருடும் தீம்பொருள்கள் முன்பே கவர்ந்து வைத்திருந்த கடவுச்சொற்களைக் கொண்டு நேராக உள்ளே நுழைந்தார்கள். அவற்றுள் சில 2020 நவம்பரிலேயே திருடப்பட்டவை. அந்தக் கணக்குகளில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் இல்லை, கடவுச்சொல்லும் மாற்றப்படவில்லை. பைப்லைன்களுக்கான கணக்குகள் இந்த விஷயத்தில் மனிதர்களின் கணக்குகளைவிட மோசமான நிலையில் இருக்கின்றன. கைப்பேசியில் வரும் குறியீட்டைத் தட்டச்சு செய்ய அங்கே ஆளில்லை.

மூன்றாவது, ரகசியத்தை மாற்றும் நாளில் என்ன நின்றுபோகும் என்பது. மாற்றுவது கடினமாக இருந்தால் யாரும் மாற்ற மாட்டார்கள் என்பதால், மேலே சொன்ன ஆயுளை நிர்ணயிப்பதும் இதுவே. நான்காவது, யாரெல்லாம் அதைப் படிக்க முடியும், படித்தால் தடம் இருக்குமா என்பது. ஐந்தாவது, மறுமுனை எந்த வகை அடையாளத்தை ஏற்கும் என்பது. இது நம் கையில் இல்லை. இவற்றோடு பணச்செலவையும் சேர்க்கலாம், ஆனால் கீ வால்ட்டின் சாதாரண நிலையில் ரகசியங்களைப் படிக்க 10,000 அழைப்புகளுக்கு 3 அமெரிக்க சென்ட் என்ற அளவில்தான் கட்டணம் இருக்கிறது. உண்மையான செலவு ஆட்களின் நேரம்.

## வழி 1: லிங்க்டு சர்வீஸிலேயே எழுதிவைப்பது

இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்குவது நியாயமல்ல. இப்படித் தரப்படும் கடவுச்சொல், மைக்ரோசாஃப்ட் நிர்வகிக்கும் சான்றிதழ்களால் குறியாக்கம் செய்யப்பட்டுச் சேமிக்கப்படுகிறது. சேமித்த பின் யாரும் திரையில் திறந்து பார்க்க முடியாது. ஃபேக்டரியை, மாற்றங்களைப் பதிப்புகளாகச் சேமிக்கும் கிட்டுடன் இணைத்திருந்தாலும் கடவுச்சொல் கிட்டுக்குள் போவதில்லை.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கிட்டுக்குள் போக முடியாததால், அந்த லிங்க்டு சர்வீஸில் செய்யும் மாற்றம் நேரடியாக இயங்கும் ஃபேக்டரிக்குப் போய்விடுகிறது. சக ஊழியர் பார்த்து ஒப்புதல் தரும் படி விடுபட்டுப்போகிறது. பிறகு, மேம்பாட்டுச் சூழலிலிருந்து உற்பத்திச் சூழலுக்குக் கொண்டுசெல்லும்போது, வார்ப்புருவில் கடவுச்சொல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக வரும். அதை நிரப்புவதற்காகவே ஒவ்வொரு சூழலின் கடவுச்சொல்லையும் வெளியீட்டுக் கருவியில் இன்னொரு முறை சேமிக்க நேர்கிறது. ஓரிடத்தில் வைக்கிறோம் என்று நினைத்தது இரண்டு இடங்களாகிவிட்டது. ஒரே தரவுத்தளத்தை ஐந்து லிங்க்டு சர்வீஸ்கள் பயன்படுத்தினால், மாற்றும் நாளில் ஐந்தையும் திருத்த வேண்டும். ஒன்றை மறப்பது மனித இயல்பு.

சேவை வழங்குபவரின் பக்கத்திலேயே கோளாறு நேரலாம் என்பதையும் மறக்கக்கூடாது. ஓர்கா செக்யூரிட்டி ஆய்வாளர்கள் 2022 ஜனவரியில் மைக்ரோசாஃப்டுக்குத் தெரிவித்து, அந்த ஆண்டு மே மாதம் வெளியுலகுக்குத் தெரியவந்த 'சின்லாப்ஸ்' குறைபாடு, அஸூர் சினாப்ஸ் என்ற தரவுப் பகுப்பாய்வுச் சேவையையும் டேட்டா ஃபேக்டரியையும் பாதித்தது. அமேசானின் ரெட்ஷிஃப்ட் தரவுக் கிடங்குடன் இணைக்கும் மூன்றாம் தரப்பு ஓடிபிசி இயக்கியில் இருந்த ஓட்டை வழியாக, ஒரு வாடிக்கையாளர் மற்றொரு வாடிக்கையாளரின் இணைப்பு ரகசியங்கள் வரை போக முடிந்திருக்கிறது. ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டது. கீ வால்ட்டில் வைத்த ரகசியமும் ஓடும் நேரத்தில் அதே இயந்திரத்துக்கு வந்துதான் ஆக வேண்டும் என்பதால், அது மட்டுமே இதைத் தடுத்திருக்கும் என்றும் சொல்ல மாட்டேன். நீண்ட ஆயுள் கொண்ட ரகசியம் எங்கே இருந்தாலும் சுமைதான் என்பதையே அந்த நிகழ்வு எனக்குக் காட்டியது.

இந்த வழி பொருந்தும் இடம் உண்டு. அலுவலகத்துக்குள் இருக்கும் ஆரக்கிள் போன்ற தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்க, நம் கணினியிலேயே நிறுவும் செல்ஃப் ஹோஸ்டட் இன்டெக்ரேஷன் ரன்டைம் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். கடவுச்சொல் நிறுவனத்தின் எல்லையைத் தாண்டவே கூடாது என்ற விதி இருந்தால், பவர்ஷெல் கட்டளை மூலம் அதை அந்தக் கணினியிலேயே விண்டோஸின் டிபிஏபிஐ முறையில் குறியாக்கம் செய்து வைக்கலாம். அப்போது கிளவுடுக்கு அது போவதே இல்லை. அந்தக் கணினி பழுதானால், காப்புப் பிரதி எடுத்திராதவர்கள் எல்லா இணைப்புகளுக்கும் மறுபடி கடவுச்சொல் தர வேண்டியிருக்கும்.

## வழி 2: கீ வால்ட்டில் வைத்துப் பெயரால் குறிப்பிடுவது

இதில் லிங்க்டு சர்வீஸ் ரகசியத்தின் பெயரை மட்டுமே அறியும். ஃபேக்டரி தன் மேனேஜ்டு ஐடென்டிட்டியைக் காட்டி, ஓடும் நேரத்தில் கீ வால்ட்டிடம் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குகிறது. மேம்பாடு, சோதனை, உற்பத்தி ஆகிய மூன்று சூழல்களிலும் ஒரே பெயரை வைத்துவிட்டால், வெளியீட்டின்போது மாற வேண்டியது வால்ட்டின் முகவரி ஒன்றுதான். கிட்டில் எல்லாமே வெளிப்படையாக இருக்கலாம், ஒப்புதல் படியும் காப்பாற்றப்படும். பதிப்பு எண்ணைக் குறிப்பிடாமல் விட்டால் எப்போதும் புதிய பதிப்பே எடுக்கப்படும். ஐந்து இணைப்புகளாக இருந்தாலும் மாற்றுவது ஓரிடத்தில்தான்.

இந்த வழியில் சறுக்கும் இடங்களைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் கீ வால்ட் என்ற பெயரே பலரை அயரவைத்துவிடுகிறது.

கீ வால்ட்டில் ஒரு ரகசியத்துக்குக் காலாவதித் தேதி குறிப்பிட்டால், அந்தத் தேதிக்குப் பின் அது செல்லாது என்று பலர் நம்புகிறார்கள். ரகசியங்களைப் பொறுத்தவரை அந்தத் தேதி ஒரு தகவல் மட்டுமே; கடந்த பிறகும் படிக்க முடியும். மறுமுனையில் இருக்கும் ஆரக்கிளின் கடவுச்சொல்லும் அதனால் மாறிவிடாது. தேதி நெருங்கும்போது, 30 நாட்களுக்கு முன், அஸூரின் அறிவிப்புச் சேவையான ஈவன்ட் கிரிட் வழியாக ஒரு நிகழ்வு எழும். அதைக் கேட்டு யாருக்காவது செய்தி அனுப்ப ஏற்பாடு செய்திருந்தால்தான் தேதி குறித்ததற்குப் பயன்.

அடுத்தது, லிங்க்டு சர்வீஸுக்கு வெளியே ரகசியம் தேவைப்படும் தருணம். ஏதோ ஒரு வெளிச் சேவையின் ஏபிஐ சாவியை, அதற்கு அனுப்பும் கோரிக்கையின் தலைப்பில் சேர்க்க வேண்டும் என்பதற்காக, வெப் ஆக்டிவிட்டி (வலைமுகவரியை அழைக்கும் பைப்லைன் படி) ஒன்றைக் கொண்டு கீ வால்ட்டிலிருந்து படித்து அடுத்த படிக்கு அனுப்புவது பரவலான வழக்கம். அந்த ஆக்டிவிட்டியில் 'செக்யூர் அவுட்புட்' என்ற தேர்வைப் போடாவிட்டால், சாவி அப்படியே எழுத்து மாறாமல் கண்காணிப்புத் திரையில் பதிவாகிறது. ஓட்டங்களின் வரலாற்றை டேட்டா ஃபேக்டரி 45 நாட்கள் வைத்திருக்கும். பார்வையிடும் உரிமை மட்டுமே உள்ளவரும் அதைப் படித்துவிடலாம். அதைப் பெற்றுக்கொள்ளும் அடுத்த ஆக்டிவிட்டியில் 'செக்யூர் இன்புட்' தேர்வும் வேண்டும். முதலாவதைப் போட்டு இரண்டாவதை மறந்த பைப்லைன்களை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் திருத்தியிருக்கிறேன்.

வலையமைப்பும் கவனிக்கத்தக்கது. செல்ஃப் ஹோஸ்டட் ரன்டைம் ஓடும் கணினியிலிருந்து வால்ட்டின் முகவரிக்கு 443 எண் வலைவாசல் (போர்ட்) திறந்திருக்க வேண்டும். இது தெரியாமல், கடவுச்சொல் தவறு என்று எண்ணி அரை நாள் வீணாக்குவது எளிது. தணிக்கைப் பதிவும் தானாக ஓடாது. டயக்னாஸ்டிக் அமைப்பில் நாம் இயக்கினால்தான் யார் எப்போது படித்தார்கள் என்பது பதிவாகும்; அந்தப் பதிவிலும் படித்தவராக ஃபேக்டரியின் பெயர்தான் வரும், பைப்லைனை ஓட்டிய மனிதரின் பெயர் வராது.

கடவுச்சொல்லை மாற்றும் கணத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பைப்லைன் அறுந்துபோகாமல் இருக்க, தரவுத்தளத்தில் ஒரே உரிமைகளுடன் இரண்டு பயனர்களை வைத்து, மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்ல ஏற்பாடு. பயனர் பெயரும் அப்போது மாறும் என்பதால், இணைப்புச் சரம் முழுவதையுமே ஒரு ரகசியமாக வைக்க வேண்டும்.

## வழி 3: சர்வீஸ் பிரின்சிபல்

மைக்ரோசாஃப்டின் அடையாளச் சேவையான என்ட்ரா ஐடியில் ஒரு செயலியைப் பதிவு செய்து, அதற்குத் தரவுத்தளத்திலோ சேமிப்பகத்திலோ உரிமை தருவது இந்த வழி. உரிமைகளைத் துல்லியமாக வரையறுக்கலாம், தரவுத்தளக் கடவுச்சொல் தேவையில்லை. ஆனால் அந்தச் செயலி தன்னை நிரூபிக்க ஒரு ரகசியம் வேண்டும். அந்த ரகசியத்தை வைக்க மறுபடி கீ வால்ட் வேண்டும். ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்து இன்னொன்றை வாங்கியிருக்கிறோம்.

வாங்கியதற்குக் காலாவதியும் உண்டு. போர்ட்டலில் உருவாக்கும் ரகசியத்துக்கு அதிகபட்சம் 24 மாதம்தான் தர முடியும். நான் வேலை செய்த ஓர் அணியில், முன்பு இருந்த ஒருவர் அந்த அதிகபட்சத்தைக் கொடுத்து உருவாக்கிய ரகசியம், அவர் வேறு வேலைக்குப் போன பிறகு, ஒரு மாத இறுதி இரவில் காலாவதியானது. கணக்கு முடிக்கும் அறிக்கைகள் எதுவும் காலையில் வரவில்லை. புதிய ரகசியம் உருவாக்க ஐந்து நிமிடம் போதும். அதற்கு உரிமை உள்ளவர் யார் என்று கண்டுபிடிக்க அன்று நண்பகல் ஆனது. கீ வால்ட்டின் தேதியைப் போல் இது வெறும் தகவல் அல்ல, உண்மையிலேயே கதவை மூடிவிடும்.

ரகசியத்துக்குப் பதிலாகச் சான்றிதழைப் பயன்படுத்துவது மேலானது, அதை ஏற்கும் இணைப்பிகளில். மற்றபடி, தரவு வேறொரு நிறுவனத்தின் என்ட்ரா டெனன்டில் (அந்த நிறுவனத்துக்கென்று தனியான அடையாளக் கோப்பகம்) இருக்கும்போதுதான் இந்த வழியின் தேவை உண்மையாகிறது. மேனேஜ்டு ஐடென்டிட்டி டெனன்ட் எல்லையைத் தாண்டிப் போவதில்லை.

## வழி 4: மேனேஜ்டு ஐடென்டிட்டி

ஃபேக்டரிக்கு என்ட்ரா ஐடியில் அதற்கே உரிய ஓர் அடையாளம் இருக்கிறது. அதன் சாவியை அஸூரே உருவாக்கி, அஸூரே மாற்றிக்கொள்கிறது. நம் கண்ணில் அது படுவதே இல்லை. கட்டணமும் இல்லை. அஸூர் எஸ்கியூஎல்லில், என்ட்ரா நிர்வாகி ஒருவரை நியமித்த பின், ஃபேக்டரியின் பெயரிலேயே வெளி அடையாளப் பயனர் ஒருவரை உருவாக்கி, தேவையான அட்டவணைகளுக்கு மட்டும் உரிமை தந்தால் போதும். அந்த அடையாளத்துக்குத் தரப்படும் தற்காலிக அனுமதிச்சீட்டான டோக்கன் எப்படியோ கசிந்தாலும், அதன் ஆயுள் சில மணி நேரம், மிஞ்சினால் ஒரு நாள்.

சேமிப்பகக் கணக்குகளில் இதன் அருமை இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே மாற்று வழிகளாக இருப்பவை கணக்குச் சாவியும், வரம்பிட்ட அனுமதி தரும் எஸ்ஏஎஸ் டோக்கனும். கணக்குச் சாவி முழுக் கணக்கையும் திறந்துவிடும். எஸ்ஏஎஸ் டோக்கனை எவ்வளவு குறுக்கினாலும், கணக்குச் சாவியால் கையொப்பமிட்ட ஒன்றைச் சேமித்த அணுகல் கொள்கை இல்லாமல் தந்துவிட்டால், அந்தச் சாவியை மாற்றாமல் திரும்பப் பெற முடியாது. மைக்ரோசாஃப்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் கிட்ஹப்பில் பகிர்ந்த ஒரு எஸ்ஏஎஸ் இணைப்பு 38 டெராபைட் உள்தரவைத் திறந்துவைத்திருந்ததை விஸ் நிறுவனம் 2023-இல் வெளிப்படுத்தியது. அந்த டோக்கனின் காலாவதி ஆண்டு 2051 என்று இருந்தது.

இனி இதன் மறைந்த செலவுகள். அந்த அடையாளத்துக்குச் சப்ஸ்கிரிப்ஷனின் உரிமையாளர் என்ற பொறுப்பைத் தந்துவிட்டால், அதைக் கொண்டே சேமிப்பகத்தில் உள்ள பிளாப் கோப்புகளைப் படிக்க முடியும் என்று நினைப்பது தவறு. ஸ்டோரேஜ் பிளாப் டேட்டா ரீடர் போன்ற தரவுப் பொறுப்பைத் தனியே தர வேண்டும். மூன்று சூழல்களின் ஃபேக்டரிகளும் மூன்று வெவ்வேறு அடையாளங்கள் என்பதால் உரிமைகளை மூன்று முறை தர வேண்டும். ஃபேக்டரியை அழித்து அதே பெயரில் மறுபடி உருவாக்கினால், பெயர் ஒன்றாக இருந்தாலும் அடையாளம் புதியது. பழைய உரிமைகள் எல்லாம் அநாதையாகிவிடும். உரிமையைப் பறித்த உடனே பலன் தெரியும் என்றும் எதிர்பார்க்கக்கூடாது. டோக்கன்கள் அஸூரின் பின்புலத்தில் 24 மணி நேரம் வரை தேக்கிவைக்கப்படுவதால், குழு உறுப்பினர் நிலை வழியாகத் தந்த உரிமைகள் மறைய நேரம் எடுக்கும்.

இவற்றில் பாதியை, ஃபேக்டரியுடன் ஒட்டாமல் தனியே வாழும் யூசர் அசைன்டு அடையாளங்கள் தீர்த்துவிடும். சம்பளத் தரவுக்கு ஒன்று, விற்பனைத் தரவுக்கு ஒன்று என்று பிரித்துவைக்கவும் அவை உதவும்.

## அருகருகே வைத்துப் பார்த்தால்

| | நேரடியாக எழுதுதல் | கீ வால்ட் | சர்வீஸ் பிரின்சிபல் | மேனேஜ்டு ஐடென்டிட்டி |
|---|---|---|---|---|
| ரகசியம் தங்கும் இடம் | ஃபேக்டரி, கூடவே வெளியீட்டுக் கருவி | வால்ட் மட்டும் | பெரும்பாலும் வால்ட் | நம்மிடம் எதுவும் இல்லை |
| கசிந்தால் ஆயுள் | யாராவது மாற்றும் வரை | யாராவது மாற்றும் வரை | போர்ட்டலில் உருவாக்கினால் அதிகபட்சம் 24 மாதம் | அதிகபட்சம் ஏறத்தாழ ஒரு நாள் |
| மாற்றும் வேலை | ஒவ்வொரு லிங்க்டு சர்வீஸிலும் | ஓரிடத்தில் | ஓரிடத்தில், தவறினால் நிற்கும் | இல்லை |
| மறைந்த செலவு | ஒப்புதல் படி விடுபடுதல் | கண்காணிப்புத் திரையில் கசிவு, வலையமைப்பு | காலாவதியைக் கண்காணித்தல் | உரிமைகளைச் சூழல்தோறும் தருதல் |
| சிறந்த இடம் | எல்லை தாண்டக்கூடாத உள்ளகத் தரவுத்தளம் | கடவுச்சொல் மட்டுமே ஏற்கும் வெளி அமைப்பு | வேறு டெனன்ட் | அஸூருக்குள் இருக்கும் எதுவும் |

ஹாஷிகார்ப் வால்ட் போன்ற ரகசிய மேலாண்மைக் கருவி ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தற்காலிகப் பயனரை உருவாக்கி அழிப்பதை ஐந்தாவது வழியாகச் சேர்க்காததற்குக் காரணம், டேட்டா ஃபேக்டரியின் இணைப்பிகள் அதனுடன் நேரடியாகப் பேசுவதில்லை என்பது. ஏர்ஃப்ளோ என்ற பைப்லைன் கருவியைக் குபெர்னட்டீஸில் ஓட்டி, பல கிளவுடுகளில் தரவு வைத்திருக்கும் அணிக்கு அது மிக நல்ல தேர்வு. அந்த வால்ட்டை இரவும் பகலும் பராமரிக்க ஆட்கள் இருக்க வேண்டும். அது நின்றால் எல்லா பைப்லைனும் நிற்கும்.

## எந்த இணைப்புக்கு எதை

அஸூர் எஸ்கியூஎல், டேட்டா லேக் சேமிப்பகம், கீ வால்ட் ஆகிய மூன்றுக்கும் மேனேஜ்டு ஐடென்டிட்டியைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். உரிமை தந்து, ஓட்டிப் பார்த்து, பிறகு சேமிப்பகக் கணக்கில் சாவி வழி அணுகலையே முடக்கிவிடுவது நல்லது. அதுவரை பழைய சாவி எங்கோ ஓரிடத்தில் வேலை செய்துகொண்டேதான் இருக்கும்.

ஸ்னோஃப்ளேக்குக்குக் கடவுச்சொல்லைத் தவிர்த்துச் சாவி இணை (ஒரு தனிச் சாவி, ஒரு பொதுச் சாவி) முறையைப் பயன்படுத்தி, தனிச் சாவியைக் கீ வால்ட்டில் வைக்கலாம். ஒரு பயனருக்கு இரண்டு பொதுச் சாவிகளை ஒரே நேரத்தில் பதிவு செய்ய அங்கே இடமிருப்பதால், புதியதைச் சேர்த்து, வால்ட்டில் மாற்றி, ஓட்டம் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பழையதை நீக்கலாம். ஒரு நிமிடம்கூட எதுவும் நிற்காது. அந்தப் பயனரைச் சேவை வகையாகக் குறித்துவிட்டால், கடவுச்சொல் கொண்டு நுழையும் வழியே அடைபடும்.

விற்பனையாளர்களின் எஸ்எஃப்டிபி, ஏபிஐ சாவிகள் போன்றவற்றுக்குக் கீ வால்ட்தான். உள்ளக ஆரக்கிளுக்கும் பெரும்பாலும் அதுவே. கொள்கை தடுத்தால் மட்டும் ரன்டைம் கணினி.

இவற்றையெல்லாம் சரியாகச் செய்த பின்னும் ஒரு கதவு திறந்திருக்கிறது, நான்கு வழிகளுக்கும் அது பொதுவானது. டேட்டா ஃபேக்டரி கான்ட்ரிபியூட்டர் என்ற திருத்தும் பொறுப்பு உள்ள எவரும் புதிய பைப்லைன் ஒன்றை எழுதி, ஃபேக்டரியின் அடையாளத்தைக் கொண்டே கீ வால்ட்டிலிருந்து ரகசியத்தைப் படித்துத் திரையில் காட்ட முடியும். கீ வால்ட்டில் அவருக்கு நேரடி உரிமை இல்லாவிட்டாலும் இது நடக்கும். சம்பள அட்டவணையை வேறோர் இடத்துக்கு நகலெடுப்பதும் அப்படியே. ஆகவே உற்பத்தி ஃபேக்டரியில் மனிதர் எவருக்கும் திருத்தும் உரிமை இருக்கக்கூடாது. மாற்றங்கள் கிட்டில் ஒப்புதல் பெற்று, வெளியீட்டுக் கருவியின் வழியாக மட்டுமே போய்ச் சேர வேண்டும். சூழல் ஒவ்வொன்றுக்கும் தனி வால்ட் வைத்து, அந்தச் சூழலின் ஃபேக்டரிக்கு ரகசியங்களைப் படிக்கும் பொறுப்பை மட்டும் தர வேண்டும். உங்கள் உற்பத்தி ஃபேக்டரியின் அணுகல் பட்டியலை இன்று திறந்து, அங்கே திருத்தும் உரிமையோடு எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். எந்த வழியைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், உங்கள் இணைப்புகளைத் தம் விருப்பப்படி பயன்படுத்தக்கூடியவர்களின் எண்ணிக்கை அதுதான்.